பழைய செல்பேசிச் சேவையும் ஊர்த் தொடர்பும்

பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த தமிழர்க்கு ஊரோடுள்ள தொடர்பு எக்காலத்தும் ஏதேனும் ஒரு சாதனத்தின் வழியாகவே நடந்து வந்திருக்கிறது. மாதுங்காவிலும் தாராவியிலும் குடியேறிய முன்னோர் அஞ்சலட்டையை நம்பி வாழ்ந்தனர். அவசரமென்றால் தந்தி வந்தது. பின்னர் அஞ்சலகத்தில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று; தெருமுனை எஸ்.டி.டி. கூண்டில் ஓடும் மீட்டரின்மேல் ஒரு கண் வைத்துப் பேசிய காலம் மற்றொன்று. இச்சாதனங்கள் ஒவ்வொன்றும் தம் பணியை முடித்துக்கொண்டு விலகின. தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. அது நிற்கப்போகும் நாள் நாட்டுக்கே முன்கூட்டித் தெரிந்திருந்தது. அதற்குள் எளிய மாற்று ஒன்று வீடுதோறும் வந்துவிட்டமையால், தந்தி நின்றதனால் எவர் வீட்டிலும் பேச்சு நிற்கவில்லை.

செல்பேசியின் பழைய சேவைகள் விடைபெறும் முறை அத்தகையதன்று. கருவி கையிலே இருக்கும், அதன் விளக்கு எரியும், மணி காட்டும். அழைப்பு மட்டும் போகாது; வரவும் வராது. கருவி பழுதாயிற்றோ, கட்டணம் தீர்ந்ததோ, பிள்ளைதான் அழைக்க மறந்தானோ என்று முதியவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்களேயன்றி, காற்றில் ஒரு சேவை மூடப்பட்டது என்பது அவர்களுக்குத் தோன்றாது. நகரத்தில் புதிய கருவி வைத்திருக்கும் நாம் அந்த மாற்றத்தை உணர்வதுகூட இல்லை. இடர் முழுவதும் ஊரில் பட்டன் போன் வைத்திருக்கும் தாய் தந்தையர்மீதே விழுகிறது. ஆதலின் இதனைப் பொறியியலாளர் விஷயம் என்று ஒதுக்கிவிடாமல், குடும்ப விஷயம் என்றே கொண்டு இன்று சற்று ஆராய்வோம்.

முதலில், பழைய சேவை என்பது யாது? வானொலி நிலையம் தனக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசையில் ஒலிபரப்புவது போலவே, செல்பேசிக் கோபுரமும் தனக்கென ஒதுக்கப்பட்ட அலைகளைக் கொண்டே பேச்சைச் சுமந்து செல்கிறது. இந்தியாவில் முதல் செல்பேசி உரையாடல் 1995 ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அன்று தொடங்கியது இரண்டாம் தலைமுறை எனப்படும் 2ஜி. அது பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் ஏற்றது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் டெல்லியிலும், 2009இல் சென்னை முதலிய இடங்களிலும் அரசு நிறுவனங்கள் 3ஜியைத் தொடங்கின. 2012இல் கொல்கத்தாவில் 4ஜி வந்தது. 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியது.

இவற்றுள் 2ஜி, 3ஜி ஆகிய இரண்டிலும் பேச்சு செல்லும் வழி ஒன்று. 4ஜியில் செல்லும் வழி வேறு. பழைய முறையில் இருவர் பேசத் தொடங்கினால், பேசி முடியும் வரை அவர்களுக்கென ஒரு தனி வழி ஒதுக்கப்படும். இருவரும் மௌனமாக இருந்தாலும் அவ்வழி பிறருக்குப் பயன்படாது. 4ஜியிலோ பேச்சு சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, மற்றவர்களின் பொட்டலங்களோடு ஒரே வழியில் அனுப்பப்பட்டு, மறுமுனையில் பிரித்து அடுக்கப்படுகிறது. முன்னையது, ஒருவர் பயணம் செய்வதற்கு ஒரு பெட்டி முழுவதையும் பதிவு செய்வது போன்றது. பின்னையது, அஞ்சல் வண்டியில் ஆயிரம் ஊர்ப் பைகளை ஒன்றாக ஏற்றி அனுப்புவது போன்றது.

அலைகளோ நிலம் போன்றவை. புதிதாக உண்டாக்க இயலாதவை. ஒரே ஏக்கரில் பழைய வித்து ஒரு மடங்கும் புதிய வித்து பன்மடங்கும் விளையுமாயின் உழவர் எதனை விதைப்பார்? நிறுவனங்கள் பழைய சேவையை மூடி, அதே அலைகளைப் புதிய சேவைக்குக் கொடுக்க விரும்புவதன் காரணம் இதுவே. பழைய இயந்திரங்களுக்கு உதிரிப் பாகமும் மின்சாரமும் தனியாகச் செலவழிக்க வேண்டியிருப்பது இரண்டாவது காரணம்.

உலகெங்கும் இவ்வாறே நடந்து வருகிறது. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் மூடப்பட்டது. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 2022இல் 3ஜியை மூடின. ஆஸ்திரேலியாவில் 3ஜி 2024இல் முடிவுற்றது. நம் நாட்டின் வரலாறு சற்று மாறுபட்டது. இங்கே இளையதான 3ஜி முன்னே போயிற்று. மூத்ததான 2ஜி இன்னும் நிற்கிறது. ஏர்டெல் நிறுவனம் 2019இல் கொல்கத்தாவில் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் 3ஜியைக் கைவிட்டது. வோடபோன் ஐடியா நிறுவனமும் அவ்வழியே சென்றது. அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல்., உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட 4ஜி சேவையை நாடெங்கும் விரித்து, 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமரால் முறையாகத் தொடங்கி வைக்கப்பெற்றது. புதியது வந்த இடங்களில் அந்நிறுவனமும் பழைய 3ஜியை நிறுத்தி வருகிறது.

2ஜி நிற்பதன் காரணம் ஏழை எளியவரே. கோடிக்கணக்கான மக்கள் இன்றும் பட்டன் போன்களையே வைத்திருக்கின்றனர். அவற்றுட் பெரும்பாலானவை 2ஜியை மட்டுமே அறிந்தவை. 2ஜி சேவையே நடத்தாத ஜியோ நிறுவனத்தின் தலைவர், செல்பேசி இந்தியாவுக்கு வந்த வெள்ளி விழாவான 2020 ஜூலையில், 2ஜியை வரலாறாக்கிவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். பிற நிறுவனங்களோ அச்சேவையைத் தொடர்ந்து நடத்தி வருகின்றன. இதன் பொருள், 2ஜி என்றென்றும் இருக்கும் என்பதன்று. உரிய காலத்தில் நாமே ஆயத்தம் செய்துகொள்ள நமக்குச் சிறிது அவகாசம் கிடைத்திருக்கிறது என்பதே.

ஆயத்தம் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு 2018இல் ஒரு முறை கண்டது. ஏர்செல் நிறுவனம் 1999இல் தமிழ்நாட்டில் சேவையைத் தொடங்கி, சிற்றூர் வரை பரவியிருந்தது. 2018 பிப்ரவரியில் அதன் கோபுரங்கள் பல இடங்களில் செயலிழந்தன. அம்மாத இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கையை நாடியது. அது பழைய தொழில்நுட்பம் மூடப்பட்ட நிகழ்ச்சியன்று. ஒரு வாணிகத்தின் வீழ்ச்சி. ஆயினும் பாடம் ஒன்றே. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமானால் அதே எண்ணிலிருந்து குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும்; சிக்னலே இல்லாதபோது குறுஞ்செய்தி எவ்வாறு போகும்? வெள்ளம் வந்தபின் ஓடத்தைத் தேடுவது போலாயிற்று நிலை. கடைகளின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. வங்கிக் கணக்கும் எரிவாயுப் பதிவும் அந்த எண்ணோடு பிணைந்திருந்தமையால், பேச்சு மட்டுமன்றிப் பிற காரியங்களும் தடைப்பட்டன.

இதிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டுவது, செல்பேசி எண் இன்று வெறும் எண்ணன்று என்பதே. அது வீட்டுப் பத்திரத்தைப் போன்ற ஓர் உரிமை. ஆதார், வங்கி, ஓய்வூதியம், குடும்ப அட்டை, எரிவாயு ஆகிய அனைத்தும் அதன்மேல் நிற்கின்றன. கருவி போனால் வேறு கருவி வாங்கலாம்; எண் போனால் ஒரு குடும்பம் பல அலுவலகங்களின் படிகளை ஏறி இறங்க வேண்டும். ஆகவே சேவை மூடப்படும் காலத்தில் நாம் காக்க வேண்டிய முதற்பொருள் எண்ணே.

எண்ணைக் காக்கும் வழியில் முதற் கேள்வி, அது யார் பெயரில் இருக்கிறது என்பது. ஊரில் தாயார் கையிலிருக்கும் சிம், பல ஆண்டுகளுக்கு முன் தந்தையார் பெயரிலோ, மும்பைக்கு வந்துவிட்ட மகன் பெயரிலோ, அன்று கடைக்கு உடன் சென்ற உறவினர் பெயரிலோ வாங்கப்பட்டிருப்பது இயல்பு. சிம் அட்டையை மாற்ற வேண்டுமானால் உரிமையாளர் தம் அடையாளச் சான்றோடு நேரில் செல்ல வேண்டியிருக்கும். அவர் இல்லாதபோதோ, காலமாகிவிட்டபோதோ, அவசரத்தில் அதனைச் செய்ய இயலாது. ஆகவே பெயர் மாற்றத்தை, அதற்கென அவசரம் வருவதற்கு முன்பே, நிதானமாகச் செய்துவிடுதல் நன்று. காலமானவர் பெயரிலுள்ள எண்ணை, உரிய சான்றுகளைக் காட்டி வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு.

இரண்டாவது, சிம் அட்டை. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சிம், புதிய கருவியில் செருகினாலும் 4ஜியை ஏற்காது. அதனை அதே எண்ணுக்குரிய 4ஜி சிம்மாக நிறுவனத்தின் கடையில் மாற்றிக்கொள்ளலாம். இங்கே இரண்டு விதிகளை நினைவிற் கொள்ள வேண்டும். சிம்மை மாற்றியபின் 24 மணி நேரம் அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வராது, அனுப்பவும் இயலாது. மோசடியைத் தடுப்பதற்காக அரசு செய்துள்ள ஏற்பாடு இது. அந்த ஒரு நாளில் வங்கியின் ஓ.டி.பி. எண்ணும் வராது. எனவே மருத்துவமனைக் கட்டணமோ வேறு பெரும் பணமோ செலுத்த வேண்டிய நாளில் சிம்மை மாற்றுதல் கூடாது. அன்றியும், 2024 ஜூலை முதல், சிம் மாற்றிய 7 நாட்களுக்குள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற இயலாது.

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊர் செல்லும் நாம், இத்தகைய வேலைகளைப் பெரும்பாலும் திரும்பும் நாளுக்கு முன்னாள் மாலையிலே தொடங்குகிறோம். மறுநாள் ரயிலேறியபின், புதிய சிம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு ஊரில் எவரும் இரார். ஊர் சேர்ந்த முதல் நாளிலேயே இதனைச் செய்தால், தவறு ஏதேனும் நேரினும் திருத்துவதற்கு நாமே அருகிலிருப்போம். ஊர் எண்ணை நம்மோடு வைத்திருப்போர்க்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டு எண்ணுக்கு வேற்று மாநிலக் கடையில் மாற்று சிம் கிடைப்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆதலால் புறப்படுமுன்பே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, பெயர்களும் எண்களும். பழைய கருவிகளில் உறவினர் எண்கள் பெரும்பாலும் சிம்மிலேயே பதிந்திருக்கும். சிம்மை மாற்றும்போது அவை அதனோடு போய்விடும். முதியவர் ஒருவர்க்கு அந்தப் பட்டியலே உலகம். மாற்றுவதற்கு முன் அவற்றைக் கருவியில் படியெடுத்துக்கொள்வதோடு, ஒரு நோட்டுப் புத்தகத்திலும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரருகே தொங்கவிடுதல் சிறந்தது. தாளில் எழுதியது எந்த அலைக்கும் கட்டுப்பட்டதன்று.

நான்காவது, கருவி. இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். 4ஜி என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருந்தால் போதும் என்று எண்ணுகிறோம். ஆனால் இணையத்துக்கு 4ஜியைப் பயன்படுத்தி, பேச்சுக்கு மட்டும் பழைய 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கி வரும் கருவிகள் பல உண்டு. பேச்சையும் 4ஜியிலேயே கொண்டுசெல்லும் வசதிக்கு வோல்ட்டி என்று பெயர். அவ்வசதி இல்லாத கருவி, பழைய சேவை மூடப்பட்ட நாளில் படம் காட்டும், பேசாது. இதனைச் சோதிப்பது எளிது. எவரையேனும் அழைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் உச்சியைப் பார்க்க வேண்டும். 4ஜி அல்லது வோல்ட்டி என்ற அடையாளம் அப்படியே நின்றால் நன்று. பேசத் தொடங்கியதும் அது மறைந்து 2ஜி என்றோ வேறு குறியோ தோன்றினால், அக்கருவி பழைய சேவையை நம்பியிருக்கிறது என்று அறியலாம். சில கருவிகளில் அவ்வசதி இருந்தும் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதனை இயக்கிவிட்டால் போதும்.

இரண்டு சிம் போடும் கருவி வைத்திருக்கும் வெளிமாநிலத் தமிழர்க்கு மற்றொரு நுட்பமும் உண்டு. வேலை செய்யும் ஊரின் எண்ணை முதல் இடத்திலும், பிறந்த ஊரின் எண்ணை இரண்டாம் இடத்திலும் வைப்பது நம் வழக்கம். பழைய கருவிகள் பலவற்றில் இரண்டாம் இடம் 2ஜிக்கு மட்டுமே உரியது. அவ்வாறாயின், வங்கிக்கும் ஆதாருக்கும் ஆதாரமான ஊர் எண்ணே முதலில் ஊமையாகும். மேலும், 90 நாட்களுக்கு ஒரு பயன்பாடும் இல்லாத முன்கட்டண எண்ணை நிறுவனம் முடக்கிவிடக் கூடும். ஆகவே அந்த எண்ணிலிருந்து மாதம் ஒரு முறையேனும் ஊருக்கு அழைப்பதை வழக்கமாகக் கொள்ளலாம். எண்ணும் வாழும், பெற்றோரும் மகிழ்வர்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததொன்றை இங்கே கூறுவது தகும். 3ஜியை மூடும் வேளையில், சாதாரண அழைப்புகளை 4ஜியில் நன்றாகவே செய்யும் சில கருவிகள், அவசர உதவி எண்ணை அழைக்கும்போது மட்டும் 3ஜியைத் தேடுவது தெரிய வந்தது. ஆபத்து நேரத்தில் ஊமையாகும் கருவியை மக்கள் கையில் விட்டுவைக்கக் கூடாது என்று கருதிய அந்நாட்டு அரசு, அத்தகைய கருவிகளுக்குச் சேவையே அளிக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்கு விதி செய்தது. நம் நாட்டில் அவசர உதவிக்கு 112 என்ற எண் இருக்கிறது. மார்வலியால் துடிக்கும் ஒருவர்க்கு அந்த எண் கிடைக்க வேண்டும் என்பதே, இந்த மாற்றத்தில் தவறக் கூடாத முதற் கடமை.

முதியோர்க்குப் புதிய கருவி வாங்கும்போது, நமக்குப் பிடித்ததை அவர்கள் கையில் திணித்தல் வேண்டா. கண்ணாடித் திரையைத் தடவிப் பழகாத விரலுக்கு அழுத்தும் பொத்தானே ஏற்றது. 4ஜியும் வோல்ட்டியும் உடைய பட்டன் போன்கள் இப்போது கிடைக்கின்றன. 2023இல் ஒரு நிறுவனம் 999 ரூபாய்க்கே அத்தகைய கருவியை வெளியிட்டது. ஆனால் விலை குறைந்த கருவிகளுட் சில, ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்பவை. அந்நிறுவனத்தின் சிக்னல் நம் ஊரில் நன்றாகக் கிடைத்தாலன்றி அதனால் பயனில்லை. மற்றொன்றும் அறிய வேண்டும். பழைய கருவி ஒரு முறை சார்ஜ் போட்டால் பல நாள் தாங்கும். புதிய 4ஜி கருவி அவ்வளவு தாங்காது. இதனைச் சொல்லாமல் கொடுத்தால், மூன்றாம் நாள் அணைந்து கிடக்கும் கருவியைப் பார்த்து, பழையதே மேல் என்று பெட்டிக்குள் வைத்துவிடுவர்.

சிக்னலையும் வீட்டுக்குள்ளேயே சோதிக்க வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் நெடுந்தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைகள் சுவரில் பட்டு வலுக்குன்றும். தெருவில் நின்று பேசக் கிடைக்கும் 4ஜி, அம்மா உறங்கும் உள்ளறையில் கிடைக்கிறதா என்பதே கேள்வி. கிடைக்கவில்லையெனில், வேறு எந்த நிறுவனத்தின் சிக்னல் அவ்வறையில் கிடைக்கிறது என்று அண்டை வீட்டார் கருவியைக் கொண்டு பார்த்து, எண்ணை அந்நிறுவனத்துக்கு மாற்றலாம். எண் மாறாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் உண்டு. ஒரு மாநிலத்தில் வாங்கிய எண்ணை மற்றொரு மாநிலத்துக்குக் கொண்டுசெல்லும் உரிமை 2015 ஜூலை 3 முதல் கிடைத்தது. போர்ட் என்னும் சொல்லை ஆங்கில எழுத்திற் தட்டி, இடம் விட்டு எண்ணையும் சேர்த்து, 1900க்கு அனுப்பினால் எட்டெழுத்துக் குறியீடு ஒன்று வரும். பெரும்பாலான மாநிலங்களில் அது 4 நாட்களுக்கே செல்லும். அதற்குள் புதிய நிறுவனத்தின் கடைக்குச் செல்ல வேண்டும்.

செல்பேசிச் சேவையை நம்பியிருப்போர் மனிதர் மட்டுமல்லர், இயந்திரங்களும் உண்டு. கோவை வட்டாரத்து விவசாயிகள் பலர், கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே இயக்குவதற்குச் சிம் பொருத்திய ஸ்டார்ட்டரை வைத்திருக்கின்றனர். நாமக்கல் லாரிகளும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் நாடெங்கும் ஓடுகின்றன. அவை இருக்குமிடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவிக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. கடையில் அட்டை தேய்க்கும் இயந்திரமும் அத்தகையதே. இவற்றுட் பழையவை பெரும்பாலும் 2ஜியிலேயே ஓடுபவை. பேசாத இயந்திரம் முறையிடாது. நள்ளிரவில் மோட்டார் ஓடாமற்போனபின், பயிர் வாடிய பிறகே தெரியவரும். புதிதாக வாங்குவோர் 4ஜியில் இயங்குமா என்று கேட்டு வாங்குதல் வேண்டும்.

இவ்வளவும் குடும்பத்தின் கடமை. நிறுவனங்களுக்கும் அரசுக்கும் உரிய கடமையும் உண்டு. பேச்சு மட்டும் போதும் என்பவர் இணையத்துக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருந்த நிலை நெடுநாள் இருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜ் திட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. சிறப்புத் திட்டங்களின் காலத்தை 365 நாள் வரை நீட்டிக்கவும் இடமளித்தது. இது நல்ல தொடக்கம். 2ஜி ஒருநாள் மூடப்படுமாயின், அதன் அறிவிப்பு அந்தந்த மாநிலத்தின் மொழியில், எழுத்தாக மட்டுமன்றிக் குரலாகவும் வர வேண்டும். படிக்கத் தெரியாதவரிடம் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, அறிவித்துவிட்டோம் என்று கூறுவது அறமாகாது. ஏழைக்கு மாற்றுக் கருவி கிடைத்த பின்னரே பழைய கதவை அடைத்தல் வேண்டும். இதனைக் கேட்கும் உரிமை, எங்கிருந்தாலும், கட்டணம் செலுத்தும் நம் அனைவர்க்கும் உண்டு.

அறிவிப்பு வரும் காலத்தில் வஞ்சகரும் வருவர். உங்கள் சிம் இன்றிரவு மூடப்படுகிறது, 4ஜிக்கு மாற்றித் தருகிறோம், வரும் எண்ணைச் சொல்லுங்கள் என்று அழைத்து, எண்ணைக் கைப்பற்றி வங்கிப் பணத்தைச் சுருட்டும் கூட்டம் உண்டு. சிம் மாற்றம் என்பது நாமே கடைக்குச் சென்று செய்யும் காரியம். வந்த அழைப்பில் செய்யும் காரியமன்று. இந்த ஒரு வாக்கியத்தை ஊரிலுள்ள பெரியோர்க்கு ஒவ்வோர் உரையாடலிலும் சொல்லி வைக்கலாம். ஏமாற்றம் நேர்ந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்கு முறையிட வேண்டும்.

வெளிமாநிலங்களில் நம்மோடு வாழும் எல்லோரும் இவற்றை அறிந்தவர் அல்லர். கட்டட வேலைக்கும் உணவகப் பணிக்கும் வந்திருக்கும் தொழிலாளர், பிள்ளைகளோடு வசிக்க வந்து அண்டையார் மொழி தெரியாமல் வீட்டுக்குள்ளிருக்கும் முதியோர் ஆகியோர் கடைக்காரர் கூறுவதையே நம்ப வேண்டியவராக இருக்கின்றனர். டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு முதலிய நகரங்களின் தமிழ்ச் சங்கங்கள், விழா நாட்களுக்கிடையே ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கலாம். விவரம் அறிந்த இளைஞர் நால்வர் அமர்ந்து, வருவோர் கருவியைச் சோதித்து, சிம் யார் பெயரில் உள்ளது என்று பார்த்து, எண்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், அதுவும் தமிழ்த் தொண்டே.

புதியது வருவதைத் தடுக்க நாம் விரும்பவில்லை. பழைய சேவை ஓய்வதனால் அலைகள் விடுபட்டு, சிற்றூர்ப் பிள்ளைக்கும் விரைவான இணையம் கிடைக்குமாயின் அது நன்மையே. ஆனால் அந்த நன்மையின் விலையை, அதனைப் பயன்படுத்தாத முதியோர் தம் தனிமையால் கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாது. அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, நலம் விசாரித்தபின், கையிலுள்ள போன் எது, சிம் யார் பெயரில் இருக்கிறது என்னும் இரண்டு கேள்விகளையும் கேட்டு வைப்போம். மற்றவற்றை அடுத்த விடுமுறையின் முதல் நாளில் செய்து முடிப்போம்.